தாதியர் கணக்கில் தவறிப்போன தங்கவயல்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியை எந்த அமைச்சகத்தின் பெயருக்கு எழுதுகிறோம் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் தென்பகுதியில் உள்ள ஆண்டர்சன்பேட்டையில் கர்ப்பிணிகளைக் கவனிக்கப் போதிய தாதியர் உள்ளனரா என்று சுகாதார அமைச்சகத்திடம் கேட்டால், பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை என்ற வழக்கமான முதல் வரியுடன் பதில் தொடங்கும். அதே கேள்வியைச் சுரங்க அமைச்சகத்துக்கு அனுப்பினால், நிறுவனமே மூடப்பட்டுவிட்ட நிலையில் 'இக்கேள்வி எழவில்லை' என்று ஒரே வரியில் முடிந்துவிடக்கூடும். இரண்டு பதில்களுமே சட்டப்படி சரியானவை. ஆனால், அந்த இரண்டுக்கும் இடையில்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1.60 லட்சம் பேரைத் தாண்டிய ஒரு நகரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் தலித்துகள்.

ஊரக இந்தியாவில் தாதியர் பணியிடங்கள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்பதை ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் புள்ளிவிவரத் தொகுப்பைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியும். தங்கவயலுக்கு அப்படிப் புரட்ட ஒரு பக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. அதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் தாதியரை எண்ணுவதற்கு வகுக்கப்பட்ட முறையே காரணம்.

கம்பெனி இருந்தவரை: 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது முதல், அங்கு குடிநீர், வீடு, தெருவிளக்கு, மருத்துவம் எல்லாமே கம்பெனியின் பொறுப்பாக இருந்தன. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தபோது, அது முதலில் வந்து சேர்ந்த இடம் மைசூர் மகாராஜாவின் அரண்மனை அல்ல, தங்கச் சுரங்கம்தான். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளர்கள் மூங்கில் தட்டியால் ஆன 'லைன்' வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். சுரங்க நிலத்துக்கு வெளியே, வடக்கில் ராபர்ட்சன்பேட்டையும் தெற்கில் ஆண்டர்சன்பேட்டையும் கடைவீதிகளும் குடியிருப்புகளுமாக வளர்ந்தன.

சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு மருத்துவம் என்றால் அது கம்பெனி ஆஸ்பத்திரி. தங்கவயலில் பிறந்து இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களில் கணிசமானோர் அங்குதான் பிறந்தார்கள். அங்கு பணியாற்றிய மருத்துவர்களும் தாதியரும் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். மாநில சுகாதாரத் துறையின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் அவர்களுக்கு இடமில்லை; இருக்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டே நடந்தது. சுரங்கங்களில் பணிபுரியும் பெண்களுக்கென 1941-இல் தனியாக ஒரு மகப்பேறு உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பின் வந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இலவசக் கவனிப்பை அளிக்காத முதலாளி, பெண் தொழிலாளிக்கு 25 ரூபாய் மருத்துவ போனஸ் தர வேண்டும் என்றது. அந்தத் தொகை 2011-இல் 3,500 ரூபாய் வரை உயர்ந்தது. தாதியை ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை, இல்லையெனில் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பதே சட்டத்தின் மனநிலை. முதலாளியே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை.

இங்கு ஒரு வரலாற்று வாய்ப்பையும் குறிப்பிட வேண்டும். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962 டிசம்பரில் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகள் மட்டுமே கம்பெனி ஆஸ்பத்திரியும் மாநில சுகாதாரத் துறையும் ஒரே அரசின் கீழ் இருந்தன. தாய்சேய் நலத்தில் மைசூர் பின்தங்கிய அரசும் அல்ல. 1930-லேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறந்து உலகத்துக்கே முன்னோடியாக நின்ற சமஸ்தானம் அது. ஆயினும் இரண்டையும் இணைக்க வேண்டும் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானபோது ஆஸ்பத்திரி அந்த நிறுவனத்தின் சொத்தாயிற்று.

யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள்: தேசிய அளவில் தாதியரை முதன்முதலாக முறைப்படி எண்ணிப் பார்த்தது சர் ஜோசப் போர் தலைமையிலான குழு. 1946-இல் அது அளித்த அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 60,000 பேருக்கு ஒரு தாதி என்ற கணக்கில் மொத்தம் 5,000 தாதியரே இருப்பதாகக் கூறியது. அதே காலத்தில் பிரிட்டனில் 618 பேருக்கு ஒருவர் இருந்தார். 1971-க்குள் 4,000 பேருக்கு ஒருவர் என்ற நிலையை இந்தியா எட்ட வேண்டும் என்பது குழுவின் இலக்கு. மைசூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவில் அடங்காது. ஆகவே, வெள்ளைக்காரக் கம்பெனி ஆண்ட தங்கவயல் அந்த முதல் கணக்கிலேயே விடுபட்டது!

போர் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் தமிழகம் நன்கறிந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவப் பேராசிரியர். அவர் எழுதிய பாடநூலைப் படிக்காமல் அக்காலத்தில் எவரும் அத்துறையில் மருத்துவராக முடியாது. சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் அமைக்கப்பட்ட அடுத்த பெரிய சுகாதாரக் குழுவுக்கு அவரே தலைவரானார். இரண்டு குழுக்களுக்கும் இடையில், 1951-இல், ஏ.என்.எம். என்று இன்று அழைக்கப்படும் துணைச் செவிலியர் படிப்பு பஞ்சாபின் தரன்தாரனில் தொடங்கியது. முழுச் செவிலியரையும் முழுத் தாதியரையும் தனித்தனியே உருவாக்கப் பணமும் நேரமும் இல்லாததால், இரண்டையும் ஓரளவு அறிந்த ஒருவரை இரண்டு ஆண்டுகளில் தயார் செய்யும் ஏற்பாடு அது. தமிழகத்தில் 'கிராம சுகாதார செவிலியர்' என்றும், கர்நாடகத்தில் நெடுங்காலம் 'கிரிய ஆரோக்ய சகாயகி' என்றும் அழைக்கப்பட்டவர் இவரே. ஊரில் எந்தப் பெயரும் நிலைக்கவில்லை, அவர் 'நர்ஸம்மா'தான்.

அடுத்த மாற்றம் 1973-இல் கர்தார் சிங் குழுவின் பரிந்துரையால் வந்தது. துணைச் செவிலியர் 'பல்நோக்குப் பணியாளர்' ஆனார். மலேரியா, தடுப்பூசி, குடும்ப நலம், பிறப்பு-இறப்புப் பதிவு என எல்லாமே அவர் தலையில் விழுந்தன. 1977-இல் பயிற்சிக் காலம் 24 மாதங்களிலிருந்து 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. வேலை கூடியது, படிப்பு குறைந்தது. பேறு பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டவர், கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு ஆள் சேர்க்கும் இலக்கைத் துரத்துபவராக மாறினார். 1996-இல் அந்த இலக்கு முறை கைவிடப்படும்வரை, ஒரு துணைச் செவிலியரின் ஆண்டு மதிப்பீடு எத்தனை பிரசவங்களைப் பாதுகாப்பாக நடத்தினார் என்பதைவிட, எத்தனை பேரை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார் என்பதைச் சார்ந்திருந்தது. பின்னாளில் பயிற்சி மீண்டும் இரண்டு ஆண்டாக்கப்பட்டது வேறு விஷயம்.

இந்த மாற்றத்தில் ஓர் அரசியல் சாசன நுணுக்கம் உண்டு. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால், மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்ப நலமும் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலில் 20-ஏ இனமாகச் சேர்க்கப்பட்டன. துணை சுகாதார நிலையங்களும் அவற்றின் துணைச் செவிலியரும் குடும்ப நலத் திட்டத்தின் கீழ் வருபவர்கள் என்பதால்தான் மத்திய அரசு அவர்களுக்குச் சம்பளப் பணம் தருகிறது. செயல்படும் துணை சுகாதார நிலையங்கள் அனைத்திலும் உள்ள துணைச் செவிலியரின் ஊதியப் பொறுப்பை 2002 ஏப்ரலில் மத்திய அரசு ஏற்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அந்த நிலையங்களுக்கான அளவுகோல். அது முழுக்க முழுக்கக் கிராமத்துக்கான அளவுகோல் என்பது குறிப்பிடத்தக்கது.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளி: இனி தங்கவயலுக்குத் திரும்புவோம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நலிவுற்றதாக 1992-இல் அறிவிக்கப்பட்டது. அதை மூடுமாறு தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியம் 2000-இல் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் சுரங்கம் நின்றது. வேலையிழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கான நிலுவைத் தொகை, குடியிருந்த வீட்டின் உரிமை, சுரங்கத்தை மீண்டும் திறப்பது ஆகியவை குறித்து நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நிறையவே பேசப்பட்டது. ஆஸ்பத்திரி பற்றியும் பேச்சு எழுந்தது. ஆனால் அது எப்போதும் பட்டியலின் கடைசி வரியாகவே இருந்தது. சுரங்கத்துடன் ஆஸ்பத்திரியும் முடங்கியது.

ஓர் அரசு மருத்துவமனையில் பத்து தாதியர் பணியிடங்களை ஒழிக்க வேண்டுமானால் அரசாணை வேண்டும், நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும், சங்கங்கள் போராடும், சட்டப் பேரவையில் கேள்வி எழும். கம்பெனித் தாதியரின் இடங்கள் ஒழிவதற்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அவை மாநிலத்தின் கணக்கில் இருந்ததே இல்லை என்பதால், மறைந்தபோது கணக்கில் குறையவும் இல்லை. மாநில சுகாதாரத் துறையின் ஏடுகளில் பார்த்தால் 2001-இல் தங்கவயலில் ஒரு தாதிகூடக் குறையவில்லை!

நியாயமாகச் சொல்வதானால், ராபர்ட்சன்பேட்டையில் அரசுப் பொது மருத்துவமனை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிரசவம் சிக்கலானால் கோலாரில் உள்ள நரசிம்மராஜா மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப முடியும். எனவே தங்கவயல் பெண்கள் கைவிடப்பட்டார்கள் என்று எழுதினால் அது மிகை. ஆனால் மருத்துவமனைச் செவிலியர் வேறு, வீடு தேடி வரும் தாதி வேறு. மூன்றாம் மாதத்திலேயே கர்ப்பத்தைப் பதிவு செய்வது, ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்து வலி வருவதற்கு முன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, பேறு முடிந்த ஆறு வாரங்களில் தாயைச் சென்று பார்ப்பது ஆகியவை பின்னவரின் வேலை. பேறுகால மரணங்களில் பெரும்பங்கு ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று ஆகியவற்றால் நிகழ்பவை. பிரசவ மேசைக்கு வந்த பிறகு இவற்றைச் சமாளிப்பதைவிட முன்கூட்டியே தடுப்பது எளிது என்பது எந்த மருத்துவரும் சொல்லக்கூடியது.

2005 ஏப்ரலில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியது. துணை சுகாதார நிலையங்களுக்கு இரண்டாவது துணைச் செவிலியர், கிராமத்துக்கு ஓர் 'ஆஷா' பணியாளர், பராமரிப்புக்கு நேரடி நிதி என்று ஊரகப் பகுதிகளுக்குப் பணம் பாய்ந்தது. தங்கவயல் நகரம். ஆகவே அந்த வெள்ளத்தின் பெரும்பகுதி அதைத் தொடாமல் பங்காருப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சென்றது. நகர்ப்புறத்துக்கான இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2013 மே 1-ஆம் தேதி. கம்பெனி போனது 2001-இல், நகர்ப்புற இயக்கம் வந்தது 2013-இல். நாட்டின் தாய்சேய் நலம் மிக வேகமாக முன்னேறிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், புதிய பணியிடங்களைப் பெறுவதற்கான பெயர்ப்பலகை தங்கவயலுக்கு இல்லாமல் போயிற்று.

அப்படி வந்த நகர்ப்புற இயக்கத்தின் அளவுகோலும் வேறு. 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.60 லட்சம் பேர் கொண்ட தங்கவயல் கிராமங்களின் தொகுப்பாக இருந்திருந்தால் அதற்கு 32 துணைச் செவிலியர் கிடைத்திருப்பர். நகரமாக இருப்பதால் 16 பேருக்கே உரிமை. நகரத்தில் தனியார் மருத்துவமனைகள் அருகில் இருக்கும், மக்களிடம் பணமும் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் எழுந்த அளவுகோல் இது. பெங்களூருவின் ஜெயநகருக்கு அது பொருந்தலாம். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளுக்கு எப்படிப் பொருந்தும்?

புள்ளிவிவரம் சொல்வதும் சொல்லாததும்: நாடு முழுவதற்குமான எண்களைப் பார்த்தால் முன்னேற்றம் மறுக்க முடியாதது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியில் இருந்த துணைச் செவிலியர் 2005-இல் 1,33,194 பேர். 2022-இல் அது 2,07,587 ஆக உயர்ந்தது. 2005-இல் ஊரகத்தில் 1,46,026 துணை நிலையங்களும் 23,236 ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருந்தன. நிலையத்துக்கு ஒருவர் என்று வைத்தாலும் 1.69 லட்சம் பேர் வேண்டும்; ஏறக்குறைய 36,000 பேர் குறைவாக இருந்தனர். 2022-இல் நிலையங்களின் மொத்த எண்ணிக்கை 1,82,870. பணியில் இருந்தவர்கள் அதைவிட அதிகம்.

அவையில் அமைச்சர்கள் இந்த உயர்வை மேற்கோள் காட்டும்போது மேசையைத் தட்டும் ஒலி கேட்பது இயல்பு. ஆனால், நிலையத்துக்கு ஒருவர் என்ற பழைய தேவையின் அடிப்படையில்தான் இந்தக் கணக்கு நிறைவடைகிறது. இரண்டாவது துணைச் செவிலியரையும் தேவையாகக் கொண்டால் நிலைமை தலைகீழாகும். ஒரு மாநிலத்தில் கூடுதலாக இருப்பவர் இன்னொரு மாநிலத்தின் பற்றாக்குறையை நிரப்பப் போவதும் இல்லை. இந்தத் தொகுப்பு நெடுங்காலம் ஊரகத்தை மட்டுமே எண்ணியது. நகர்ப்புற நிலையங்களின் விவரம் அண்மைக்காலப் பதிப்புகளில்தான் சேர்ந்தது.

பேறுகால இறப்பு விகிதம் 2001-03 காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கர்நாடகத்தில் 228, தமிழகத்தில் 134. 2018-20-இல் அவை முறையே 69, 54. தென் மாநிலங்களில் கர்நாடகம் கடைசியில் இருந்தாலும், குறைந்த வேகம் பெரிது. மருத்துவமனையில் நிகழும் பிரசவங்கள் கர்நாடகத்தில் 2005-06-இல் 64.7 சதவீதம், 2019-21-இல் 97 சதவீதம். இவ்வளவு பேர் மருத்துவமனைக்கு வரும்போது தாதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதே 2019-21 ஆய்வின்படி, அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கும் பிரசவங்கள் கர்நாடகத்தில் 31.5 சதவீதம், தமிழகத்தில் 44.9 சதவீதம். கத்தியின்றி நடக்க வேண்டிய பிரசவங்களைப் பார்க்க ஆள் இல்லை என்பதை உணர்ந்துதான், 2018 டிசம்பரில் மத்திய அரசு தாதியர் சேவைக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி அளித்து முழுமையான தாதியராக்கும் திட்டம் அது. 1951-இல் பணமில்லை என்று கைவிட்டதை அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்திருக்கிறோம்.

மூன்று மாநிலங்களின் மூலையில்: தங்கவயலில் தாதியின் வேலை மற்ற இடங்களைவிடக் கடினமானது. ஆந்திரத்தின் குப்பம் ஒரு பக்கம், தமிழகத்தின் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் மறுபக்கம். கொள்வினை-கொடுப்பினை மூன்று மாநிலங்களிலும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆண்டர்சன்பேட்டைக்கு மருமகளாக வந்த பெண்ணின் கர்ப்பம் கர்நாடகத்தின் 'தாயி கார்டில்' பதிவாகும். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து அவர் குடியாத்தம் சென்றால், அங்கே தமிழக அரசின் பதிவேட்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். எதிர்த்திசையில் பயணிக்கும் பெண்ணுக்கும் இதே கதை. ஒரு மாநிலத்தின் மகப்பேறு நிதியுதவி மறு மாநிலத்தில் வசிப்பவருக்குக் கிடையாது. ஆபத்து மிகுந்த எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் ஒரு பெண் இரண்டு ஏடுகளுக்கும் இடையில் காணாமல் போகிறார். அவரைத் தொலைபேசியிலேனும் தேடிப் பிடிக்க வேண்டியவர் தாதிதான்.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் உழைப்பாளிகள் விடியற்காலை ரயில்களில் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறார்கள். பெண்களும் செல்கிறார்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் தாதிக்குப் பூட்டுதான் பதில் சொல்லும். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று தில்லியில் எழுதும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று, மொழி. வீட்டுக்குள் தமிழ் மட்டும் பேசும் பெண்ணிடம் கூச்சமான விஷயங்களைக் கேட்டறிய வேண்டியவர் அவர் மொழியில் பேசக்கூடியவராக இருப்பது வசதி மட்டுமல்ல, மருத்துவத் தேவை.

தங்கத்தைப் பாதுகாப்பதற்காக அமைந்த தனிக் காவல் மாவட்டம், சுரங்கம் மூடியும் தங்கவயலில் தொடர்கிறது. சட்டம்-ஒழுங்குக்குத் தங்கவயல் தனி, சுகாதாரத்துக்கு அது கோலார் மாவட்டத்தின் ஒரு மூலை. எதை அரசு தனியாகக் கவனிக்கத் தக்கது எனக் கருதியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலங்கைத் தோட்டங்களில்: கம்பெனித் தாதியரை அரசுக் கணக்கில் சேர்ப்பது எங்குமே நடக்காத காரியமல்ல. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குச் சென்றவர்களும் தமிழகத்தின் ஏழை உழைப்பாளிகளே. அங்கும் மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தோட்டத்துக்கு வெளியேயோ, 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை நாடெங்கும் பரவி, ஏறத்தாழ 3,000 பேருக்கு ஓர் அரசு மருத்துவிச்சி என்ற நிலையை எட்டியது. 1940-களின் நடுவில் லட்சம் பிறப்புக்கு 1,500-க்கும் மேலாக இருந்த பேறுகால மரணத்தை அந்நாடு முப்பதுகளுக்குக் கொண்டுவந்ததில் இந்தப் பெண்களின் பங்கை உலக வங்கியே பாராட்டியிருக்கிறது. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992-இல் தனியார் நிர்வாகத்துக்குத் திரும்பின. தோட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்கும் பணி 1990-களில் தொடங்கியது. இன்னும் முழுமை பெறவில்லை. நுவரெலியாவின் தாய்சேய் ஊட்டச்சத்துக் குறியீடுகள் நாட்டின் சராசரிக்குப் பின்தங்கியே இருக்கின்றன. ஆயினும், முதலாளி கைவிட்ட சேவையை அரசு தன் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டது. தங்கவயல் விஷயத்தில் அப்படி ஒரு கொள்கை முடிவு மத்திய அரசிலோ மாநிலத்திலோ எடுக்கப்படவில்லை.

ஒப்பந்தம் என்னும் நிரந்தரம்: சுகாதார இயக்கம் தந்த பணியிடங்களில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையிலானவை. ஊரக இயக்கம் தொடங்கிய மறு ஆண்டு, 2006 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. தாற்காலிகப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள் என்பதற்காகவே நிரந்தரம் கோர முடியாது என்ற அந்தத் தீர்ப்பு, தற்செயலாக, கர்நாடக அரசுப் பணியாளர்களின் வழக்கில் பிறந்தது. கொல்லைப்புற நியமனங்களைத் தடுக்க வந்த தீர்ப்பை, உண்மையாகவே தேவையான நீண்டகாலப் பணிகளை நிரந்தரமாக்காமல் இருக்க அரசுகள் கேடயமாக்கிக்கொண்டன. இதை உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்தது. ஒரு தெருவில் பத்து ஆண்டுகள் ஒரே தாதி சென்று வந்தால்தான் எந்த வீட்டில் யாருக்கு முந்தைய பிரசவத்தில் வலிப்பு வந்தது என்பது அவருக்குத் தெரியும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் அந்த நினைவு சேராது.

2021-இல் கரோனா இரண்டாம் அலையின்போது, இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கம்பெனி ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்கள் இறங்கிச் சுத்தம் செய்து, சில வாரங்களில் கரோனா சிகிச்சை மையமாக்கினர். கட்டடம் இருக்கிறது, இடமும் இருக்கிறது, மனம் வைத்தால் திறக்கவும் முடியும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

கோலார் தொகுதியை 1991 முதல் 2019 வரை தொடர்ந்து பிரதிநிதித்துவம் செய்தவர் கே.எச். முனியப்பா, மத்தியில் அமைச்சராகவும் இருந்தவர். அவருக்குப் பின் பாரதிய ஜனதாவும், 2024-இல் மதச்சார்பற்ற ஜனதா தளமும் அத்தொகுதியை வென்றன. மூன்று கட்சிகளுக்கும் தங்கவயலின் வாக்குகள் தேவைப்பட்டன. தமிழக உறுப்பினர்களும் மொழி உறவைக் கருதி அவ்வப்போது குரல் கொடுத்ததுண்டு. எவர் பேசினாலும் பேச்சு தங்கத்தையே சுற்றி வந்தது. 2018-இல் வெளியான திரைப்படமும் அதன் தொடர்ச்சியும் ஊரின் பெயரை உலகறியச் செய்தபோது, சயனைடு மேடுகளைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வந்தனர். அந்த மேடுகளின் அடிவாரத்தில் வாழும் கர்ப்பிணிகள் எவர் கண்ணிலும் படவில்லை.

தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றான அந்த மசோதாவை, மணிப்பூர் பிரச்னை மீதான கூச்சலுக்கிடையே, குரல் வாக்கெடுப்பில் மக்களவை முடித்துக்கொண்டது. யார் செவிலியர், யார் தாதி, என்ன படித்திருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. தேசியப் பதிவேடு ஒன்றுக்கும் வழி செய்கிறது. எந்த ஊரில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது அதன் வேலை அல்ல.

இதற்கிடையே தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மேடுகள் அவை. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி, ஏலத்தில் எடுப்பவர் செலுத்தும் ராயல்டியில் பத்து சதவீதத்துக்கு இணையான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். அந்த நிதியைச் செலவிட வேண்டிய முன்னுரிமைத் துறைகளில் சுகாதாரமும் ஒன்று. மேடுகளில் வேலை தொடங்கும் முன்பே, தங்கவயல் நகர்மன்றமும் கோலார் மாவட்ட சுகாதார அலுவலகமும் ஆண்டர்சன்பேட்டைக்கு எத்தனை தாதியர் தேவை என்று எழுதி அனுப்பினால், சுரங்க அமைச்சகம் 'இக்கேள்வி எழவில்லை' என்று பதில் தர இயலாது.